லிஃப்ட்காரருக்கு லைன் கிடைத்தது

லிஃப்ட்காரரைத் தேடிப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆள் ஒன்றும் கண்ணுக்குத் தப்புகிற உருவமில்லை; கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, மூன்று மாடிக்குக் கேட்கிற சிரிப்பு. ஆனால் லிஃப்டுகளைப் பழுதுபார்க்கிற பிழைப்பு; அது முழுக்கக் கட்டடங்களின் வயிற்றுக்குள். காலையில் ஏதோ ஓர் அலுவலகத்து லிஃப்டின் கூரைமேல் குந்தியிருப்பார். மதியம் ஓர் அடுக்குமாடியின் அடித்தளத்தில், லிஃப்ட் இறங்கி நிற்கிற பள்ளத்துக்குள், கிரீஸ் டப்பாவும் கையுமாக. சுற்றிலும் கான்கிரீட். அவருடைய ஃபோனுக்கு வருகிற சிக்னல் கட்டடத்தின் வாசலிலேயே அவரை வழியனுப்பிவிட்டு நின்றுகொள்ளும். சாயங்காலம் அவர் வெளியே வந்த பிறகுதான் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் மனைவிக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிஃபோன் போர்டில். வெளியிலிருந்து வருகிற அழைப்பை வார்டுக்கும், வார்டிலிருந்து வருவதை டாக்டர் அறைக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

"ஊருக்கெல்லாம் நான் லைன் போட்டுக் குடுக்கறேன்" என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் அலுத்துக்கொள்வார். "கட்டினவருக்கு மட்டும் எனக்கு லைன் கிடைக்க மாட்டேங்குது."

லிஃப்ட்காரர் இதையெல்லாம் சிரித்தே தட்டிக் கழித்துவிடுவார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அந்தச் சுகம் கசந்துபோனது மகளுக்கு வேலை கிடைத்த நாளில்தான்.

அன்றைக்கு மகள் காலையிலேயே அவரை அழைத்திருக்கிறாள், கிடைக்கவில்லை. சாயங்காலம் அவர் வண்டியை நிறுத்தும்போதே வாட்ச்மேன் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், பொண்ணுக்கு வேலை கிடைச்சிருச்சாமே! ரொம்ப சந்தோஷம்!" மாடிப்படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டு அம்மா, "எந்த ஊர்ல வேலை போட்டிருக்காங்க?" என்று கேட்டார். அவர் என்னத்தைச் சொல்வார்? வீட்டுக்குள் நுழைந்தால் கேக் வெட்டி, வந்தவர்கள் தின்று, ஆளாளுக்குக் கலைந்தும் போயிருந்தார்கள். அவருக்காக ஒரு துண்டு மூடி வைத்திருந்தது. மகளைக் கட்டிப்பிடித்துக் குதித்தார், கேக்கை ஒரே வாயில் போட்டுக்கொண்டார். பிறகு கை கழுவப் போனவர், சோப்பு நுரையும் கிரீஸுமாகக் கையை வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். வாட்ச்மேனுக்குப் பிறகுதான் அப்பனா?

அதற்கடுத்த வாரமே அவர் கண்ணில் ஒரு கூரியர்காரர் பட்டார். லிஃப்டின் உள்ளே, கதவெல்லாம் மூடி, அடித்தளத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்த ஆள் காதில் ஃபோனை வைத்துக்கொண்டு யாரிடமோ சாவகாசமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை விட்டுப்போகவில்லை. சண்டை முடியும்வரை காத்திருந்து லிஃப்ட்காரர் கேட்டார்: "தம்பி, இது எந்தக் கம்பெனி சிம்மு?"

வாரத்தின் நடுவில் இருவருக்கும் லீவு கிடைத்த ஒரு நாளில் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கிளம்பிப் போனார்கள். வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில் அந்தக் கம்பெனியின் கடை. கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும், பொறுமையான முகம்.

"நம்பர் மாறாது சார். கம்பெனி மட்டும்தான் மாறும்" என்றாள். பிறகு அவருடைய பழைய ஃபோனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆனா இந்த ஃபோன் உதவாதே. இதைப் பழைய கம்பெனியே பூட்டிக் குடுத்திருக்காங்க. அவங்க சிம்மைத் தவிர வேற சிம்மை இது உள்ள விடாது."

"மாமியார் வீட்டை விட்டு வேற எங்கயும் போகமாட்டேங்கற மாப்பிள்ளையா இருக்கும் போல" என்றார் லிஃப்ட்காரர்.

மனைவி இந்த இடத்தில்தான் காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். "அப்ப புதுசு ஒண்ணு வாங்கிக்கறோம்மா. ஆனா அதையும் நீங்க பூட்டிக் குடுக்கக் கூடாது. நாளைக்கு உங்க கம்பெனியும் எங்களுக்கு ஒத்துவரலேன்னா?" கடைப்பெண் சிரித்துவிட்டு, பூட்டில்லாத ஃபோன்களாகவே எடுத்து மேஜையில் வைத்தாள். எல்லாவற்றிலும் புதுக் கம்பெனியின் சிம் போட்டிருந்தது.

ஒன்று கண்ணாடித் துண்டு போல மெல்லிசு. புது வேலையில் சேர்ந்து வெளியூர் போயிருந்த மகள், அங்கிருந்தே சிபாரிசு செய்திருந்த ஃபோன் அது. இன்னொன்று கறுப்பாக, மூலைக்கு மூலை ரப்பர் வைத்து, டிராக்டர் டயருக்குத் தம்பி மாதிரி இருந்தது. லிஃப்ட்காரர் அதைப் பார்த்த பார்வையிலேயே மயங்கிவிட்டார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். மேல் சட்டைப் பையில் போட்டுக் குனிந்து நிமிர்ந்தார். "இதுதான் ஃபோன்! ஆம்பளை மாதிரி இருக்கு பாரு!" என்றார்.

மூன்றாவது, சாதாரண அளவில், கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. "இதுல இந்தக் கலர்தான் மிச்சம் இருக்கு" என்று கடைப்பெண் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். லிஃப்ட்காரர் அதைத் தொடக்கூட இல்லை.

டிராக்டர் டயர்தான் என்று முடிவாகிவிட்டது. பையைத் திறக்கப் போன மனைவி சட்டென்று நிறுத்தினார். "இங்க, ஜன்னல் பக்கத்துல எல்லா ஃபோனும் நல்லாத்தான் பேசும். நீங்க வேலை பாக்கற இடத்துல பேசுமான்னு பாக்க வேணாமா?"

நியாயம்தான் என்று லிஃப்ட்காரருக்கும் பட்டது. கடை மேனேஜரிடம் போய், லிஃப்டில் ஒரு சுற்று போய் வரலாமா என்று கேட்டார். மேனேஜர் ஃபோன்களையும் அவர் உடம்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைப்பெண்ணையும் கூடவே அனுப்பி வைத்தார்.

மூன்று பேரும் மூன்று ஃபோனுமாக ஏறி, அடித்தளத்துக்குப் பொத்தானை அழுத்தினார்கள். அது லிஃப்ட்காரரின் கம்பெனியே பராமரிக்கிற லிஃப்ட். அந்த வட்டாரமே அவர் பொறுப்பில்தான் இருந்தது. "சத்தமே இல்லாம போகுது பாரு, போன மாசம் நான் எண்ணெய் போட்டது" என்று அவர் பெருமை பேசி வாய் மூடவில்லை. எங்கேயோ வெளியே 'டமார்' என்று ஒரு சத்தம். லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

கடைப்பெண் மனைவியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். லிஃப்ட்காரர் சாவதானமாக மஞ்சள் நிற அவசரப் பொத்தானை அழுத்தினார். சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் அவருடைய கம்பெனி ஆபீஸ் பெண்ணின் குரல் வந்தது.

"பயப்படாதீங்க சார். எத்தனை பேர் இருக்கீங்க?"

"மூணு பேரு. எல்லாரும் நல்லா இருக்கோம்."

"அந்த ஏரியா மெக்கானிக்குக்கு இன்னைக்கு லீவு, ஆனாலும் கூப்பிட்டு உடனே அனுப்பறேன். லைன்லயே இருங்க." கொஞ்ச நேரம் ஏதோ தட்டுகிற சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு. "அவருக்கு லைன் கிடைக்கல சார். எப்பக் கூப்பிட்டாலும் இதே கதைதான். இந்த மனுஷனை வெச்சுக்கிட்டு நாங்க படற பாடு இருக்கே!"

மனைவி கைப்பிடிக் கம்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். "அம்மா, அது நான்தான்மா."

"எது சார்?"

"அந்த மனுஷன்."

ஒலிபெருக்கியில் ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அய்யய்யோ அண்ணா! நீங்க எதுக்கு உள்ள போனீங்க?" என்றது.

"சிக்னல் கிடைக்குதான்னு பாக்க வந்தேன்."

"கிடைக்குதா?"

"இப்பதான் நீயே சொன்னியே!"

இதற்குமேல் மனைவியால் தாங்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பயந்து நின்ற கடைப்பெண்ணுக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. ஆபீஸ் பெண், ஊரின் மறுகோடியில் இருந்த நெட்டையை அனுப்புவதாகச் சொன்னாள். நெட்டை என்பது லிஃப்ட்காரரின் கூட்டாளி, பெயருக்கேற்ற ஆள். வந்து சேர அரை மணியாவது ஆகும்.

"அதுவரைக்கும் இது இப்படியே தொங்கிக்கிட்டா இருக்கும்?" என்று கடைப்பெண் மெதுவாகக் கேட்டாள்.

"இந்தப் பெட்டியையும் நம்ம மூணு பேரையும் தாங்க ஒரு இரும்புக் கயிறு போதும்மா. மேல ஆறு இருக்கு. நானே தடவிப் பாத்த கயிறு" என்றார் லிஃப்ட்காரர். அப்படிச் சொல்லும்போது தன் கையும் சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பதை அவரே அப்போதுதான் கவனித்தார். உள்ளே மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ முறை வெளியே எடுத்திருக்கிறார். 'சும்மா கொஞ்ச நேரம்தானே, அதுக்கு ஏன் இவ்வளவு கூப்பாடு' என்று மனதுக்குள் நினைத்தும் இருக்கிறார். கதவுக்கு இந்தப் பக்கம் அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளம் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"வந்த வேலையைப் பாருங்க" என்றார் மனைவி.

கண்ணாடித் துண்டு முதலிலேயே கைவிரித்துவிட்டது. சிக்னல் துளிகூட இல்லை. டிராக்டர் டயரில் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. கடைக்குப் பேசிப் பார்த்தார்கள். மேனேஜரின் குரல் வாயில் தண்ணீர் வைத்துக் கொப்பளிப்பது போல வந்து அறுந்தது. லிஃப்ட்காரர் விடவில்லை. அதை நாலு மூலைக்கும் கொண்டுபோனார். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கடைசியில் உள்ளங்கையில் தட்டியும் பார்த்தார்.

"பாக்கத்தான் பயில்வான்" என்றார் மனைவி.

கத்திரிப்பூ நிற ஃபோனில் இரண்டு கோடுகள், அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றன. "சில ஃபோன்ல ஆன்டெனா நல்லா வெச்சிருப்பாங்கண்ணா. வெளியில பாத்தா தெரியாது" என்றாள் கடைப்பெண். சாரும் மேடமும் எப்போது அண்ணாவும் அக்காவும் ஆனார்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. அந்த ஃபோனில் மகளை அழைத்தார்கள்.

"லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டீங்களா? நீங்களேவா? அப்பா!" மகள் சிரித்த சிரிப்பில் அவள் ஆபீஸே திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று யாருக்கோ அவள் சொல்வது கேட்டது. அதுவும் தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிக் கேட்டது. லிஃப்ட்காரர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்துக்கொண்டார். தாயும் மகளும் அவருமாகப் பேசித் தீர்த்தார்கள். கடைப்பெண் தன் கோட்டுப் பையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நடுவில் வைத்தாள். தரையில் வட்டமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தபோது கதவு திறந்தது.

லிஃப்ட் பாதி மாடி தாழ்ந்து நின்றிருந்ததால், முதலில் நெட்டையின் பூட்ஸ் தெரிந்தது. பிறகு அவன் குனிந்து முகத்தைக் காட்டினான்.

"மூணு பேர் மாட்டியிருக்காங்க, அதுல ஒருத்தர் ரொம்ப நடுங்கிப் போயிருக்கார்னு சொன்னாங்க. அது யாருண்ணே?"

"கையைக் குடுறா முதல்ல!"

முதல் மாடியில் யாரோ சாமான் வண்டியைக் கொண்டுபோய் லிஃப்ட் கதவில் மோதியிருக்கிறார்கள். கதவின் பூட்டு நகர்ந்ததும் லிஃப்ட் தன் கடமையைச் செய்து நின்றிருக்கிறது. லீவு நாளென்றும் பார்க்காமல் லிஃப்ட்காரர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நெட்டையோடு சேர்ந்து அதைச் சரிசெய்தார். பிறகு மேலே போய், கத்திரிப்பூவையே பில் போடச் சொன்னார்.

"கறுப்பு உறை ஒண்ணு போட்டுக்கலாமே" என்றார் மனைவி, அவர் முகத்தைப் பார்த்து.

"எதுக்கு? பள்ளத்துக்குள்ள விழுந்தா இந்த நிறம்தான் கண்ணுக்குத் தெரியும்."

கைரேகை பதிவதில்தான் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கயிறும் கிரீஸும் தேய்த்துத் தேய்த்து அவருடைய விரல்களில் ரேகையே இல்லை. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, கடைசியில் இடது சுண்டு விரலைத்தான் ஃபோன் ஒப்புக்கொண்டது. அத்தனை பெரிய உடம்புக்காரர் அத்தனை அழகான ஃபோனைச் சுண்டு விரலால் தொட்டுத் திறப்பதைப் பார்க்கவே மறுநாள் பணிமனையில் கூட்டம் கூடியது.

கம்பெனி மாறுகிற வரைக்கும் கொஞ்ச நேரம் ஃபோன் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. பிறகு திரையின் மூலையில் புதுக் கம்பெனியின் பெயர் முளைத்தது. அன்றிலிருந்து லிஃப்ட்காரரின் வேலையிலும் ஒரு மாற்றம். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால், அவர்கள் நம்பரை ஆபீஸ் பெண்ணிடம் வாங்கிக்கொண்டு, கிளம்பும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். "இப்ப கீழ வந்துட்டேன். இப்ப படி ஏறறேன், மூச்சு வாங்குது பாருங்க, கேக்குதா? கதவுக்கு வெளியதான் நிக்கறேன்." திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவர்கள் பாதிப் பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கடைப்பெண்ணும் சும்மா இல்லை. ஃபோன் வாங்க வருகிறவர்களை லிஃப்டுக்குக் கூட்டிப் போகிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டதாகவும், மேனேஜர் மட்டும் படியில்தான் இறங்குகிறார் என்றும் கேள்வி.

தொந்தரவும் இல்லாமல் இல்லை. இப்போது வரும்போது சோப்பு வாங்கி வர வேண்டும்; பல்பு வாங்கி வர வேண்டும்; மகளுக்குத் துணி துவைக்கிற மெஷின் ஏன் குதிக்கிறது என்று பதில் சொல்ல வேண்டும். "நிம்மதியா ஒரு கயிறு பாக்க விடறாங்களா" என்று நெட்டையிடம் புலம்புவார். நெட்டை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிக்கொண்டு சிரிப்பான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆஸ்பத்திரி போர்டு கொஞ்சம் ஓயும். அந்த நேரத்தில் மனைவி கூப்பிடுவார்.

"எங்க இருக்கீங்க?"

"லிஃப்ட் மேல உக்காந்திருக்கேன்."

"எத்தனாவது மாடி?"

"ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல."

"சாப்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனாலும் இரண்டு பேரும் ஃபோனை வைக்க மாட்டார்கள். அவர் காதில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அவர் அங்கே கயிற்றைத் துணியால் துடைக்கிற சத்தம் மனைவிக்குக் கேட்கும்.