ஒரு தடவைதான் கேட்டேன்

இந்த ஊரில் பந்து விழ வேண்டிய இடத்தில் விழுவதில்லை. திம்புவுக்கு வந்து இரண்டு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. கோல்கீப்பர் ஓங்கி உதைத்த பந்து மேலே ஏறும்போதே, அது எங்கே இறங்கும் என்று என் கால் தானாக ஒரு கணக்குப் போட்டுவிடும். இருபது வருடம் டிஃபெண்டராக நின்று பழகிய கால். விருத்தாசலத்திலும் சென்னையிலும் கொல்கத்தாவிலும் கோவாவிலும் தப்பாத கணக்கு அது. பூடானில் மலை மேல் காற்று மெலிந்து கிடக்கிறதாம், பந்து இன்னும் நாலு எட்டு தள்ளிப் போய் விழுகிறது. பயிற்சியின்போது ‘இப்படி நிற்க வேண்டும்’ என்று பெரிய மனுஷனாக நான் போய் நின்று காட்டினால், பந்து என் தலைக்கு மேலே போய்ப் பின்னால் குதிக்கிறது. ஆட்டக்காரர்கள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, “பரவாயில்லை கோச் லா” என்கிறார்கள். இந்த ‘லா’ நம்மூர் ‘ங்க’ மாதிரிதான். யாரிடம் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு லா சேர்த்துவிட்டால் மரியாதை வந்துவிடும்.

நான் இங்கே ஒரு கால்பந்துக் கிளப்பின் மேனேஜர். ஊரில் யாரிடமாவது மேனேஜர் என்று சொன்னால் ‘எந்த பேங்க்குல?’ என்று கேட்கிறார்கள். ஆடுகிற பதினோரு பேரைத் தேர்வு செய்வது, எப்படி ஆட வேண்டும் என்று சொல்வது, தோற்றால் திட்டு வாங்குவது, இவ்வளவுதான் என் வேலை. ஆட்டம் நடக்கும்போது கோட்டுக்கு வெளியே வரைந்த ஒரு கட்டத்துக்குள் நின்றுகொண்டு கத்தலாம். உள்ளே காலை வைக்கக் கூடாது. ஒரு காலத்தில் உள்ளே நின்றவனுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று சொல்லிப் புரியவைக்க முடியாது.

விருத்தாசலத்தில் நாங்கள் ஆடிய மைதானத்தின் ஒரு பக்கம் மாதா கோவில், இன்னொரு பக்கம் செராமிக் கம்பெனிகளின் கழிவு மேடு. சூளையிலிருந்து விரிசலோடு வந்த ஃபியூஸ் கட்டைகள், கை உடைந்த பொம்மைகள், மூடியில்லாத ஊறுகாய் ஜாடிகள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஒவ்வொரு மழைக்கும் மேட்டிலிருந்து பீங்கான் சில்லுகள் இறங்கி மைதானத்துக்குள் புதைந்துகொள்ளும். விழுந்தால் கிழித்துவிடும். அதனால் எங்கள் ஊர் டிஃபெண்டர் எவனும் சறுக்கிப் போய்ப் பந்தைப் பறிக்க மாட்டான். நின்றபடியே எதிராளியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், அவனாகத் தப்பு செய்யும் வரை காத்திருப்பான். பிற்பாடு கொல்கத்தாவில் பத்திரிகைக்காரர்கள் என்னைத் ‘தரையில் விழாத டிஃபெண்டர்’ என்று எழுதினார்கள். ஏதோ பெரிய வித்தை என்று நினைத்தார்கள். அட, முட்டிக்குப் பயந்து கற்றுக்கொண்டது ஐயா அது! ஆனால் அதுவே என் குணமாகவும் ஆகிவிட்டது. நானாக இறங்கி எதையும் கேட்க மாட்டேன். எதிரே இருப்பவர் முதலில் அசையட்டும் என்று நின்றுவிடுவேன்.

முதன்முதலாகக் கொல்கத்தாவுக்குப் போனபோது கிளப் மெஸ்ஸில் நடந்தது ஒன்று. சமையல்காரர் சோற்று வாளியோடு வந்து “ஆர் தேபோ?” என்றார். இன்னும் போடட்டுமா என்று அர்த்தம். நான் நம்மூர் வழக்கப்படி, “வேண்டாம், வேண்டாம்” என்று இலைக்கு மேல் கை வைப்பது போலத் தட்டுக்கு மேல் கையை வைத்தேன். அந்த மனிதர் அடுத்த தட்டுக்குப் போய்விட்டார்! திரும்பி வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரு வாரம் அரைப் பட்டினி. அதற்குப் பிறகு வெட்கத்தை விட்டேன். வேண்டுமென்றால் வேண்டும், வேண்டாமென்றால் வேண்டாம், எல்லாம் முதல் தடவையிலேயே. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். வெளியூர்ச் சோறு நமக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம் இதுதான். நான் அதை ரொம்ப நன்றாகப் படித்துவிட்டேன்.

இந்த வருடம் எங்கள் கேப்டன் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு என் மனதில் இருந்தவர் கின்லே. முப்பது வயது, பின்வரிசையின் நடுவில் நிற்பவர், காலையில் ஓர் அலுவலகத்தில் வேலை, மாலையில் பந்து. அதிகம் பேசமாட்டார். என் அறைக்குக் கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்து, “இனிமேல் நீங்கள்தான் கேப்டன்” என்றேன். அவர் வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலை குனிந்தார். “இல்லை லா. நான் அதற்குத் தகுதியில்லை லா. வேறு யாருக்காவது கொடுங்கள்” என்றார். நிஜமாகவா என்று கேட்டேன். தலையை இன்னும் தாழ்த்தினார். சரி, ஒரு மனிதன் தன் மனதைச் சொல்லிவிட்டான், அதை மதிக்க வேண்டும் என்று நினைத்து, மறுநாள் கேப்டன் கட்டுகிற கைப்பட்டையை இன்னொருவர் கையில் கட்டினேன். கின்லே கைதட்டினார். அடுத்த மூன்று ஆட்டத்தில் அவர் அவராக இல்லை. நாலாவது வாரம் பயிற்சிக்கே வரவில்லை.

தோர்ஜி என் உதவிப் பயிற்சியாளர். என் வயதுதான். இருவருக்கும் பொது மொழி அரைகுறை இந்தி. தோற்றுப்போன ஓர் ஆட்டம் முடிந்து அவர் காரில் திரும்பிக்கொண்டிருந்தபோது, கின்லேயைப் பற்றிப் பேச்சு வந்தது.

“நீங்கள் ஏன் திரும்பக் கேட்கவில்லை?” என்றார்.

“அவர்தான் வேண்டாம் என்றாரே.”

“ஒரு தடவைதானே சொன்னார்!” தோர்ஜி ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். “மெஷு மெஷு என்று நாங்கள் சொல்வோம். யாராவது எதையாவது கொடுத்தால் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கொடுப்பவர் இரண்டாம் தடவை கேட்பார், மூன்றாம் தடவை கேட்பார். அப்புறம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவையே கை நீட்டினால் பேராசைக்காரன். ஒரே தடவை கேட்டு விட்டுவிட்டால், கொடுத்தவருக்கு மனசில்லை என்று அர்த்தம். கின்லே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஏன், உங்கள் ஊரில் முதல் தடவையே சரி என்று சொல்லிவிடுவார்களா?”

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கருவேப்பிலங்குறிச்சியில் என் மாமனார் வீடு ஞாபகத்துக்கு வந்தது. அங்கே போனால், “இப்பதாங்க சாப்ட்டு வந்தேன்” என்று சொல்லாமல் யாரும் தட்டில் கை வைக்க மாட்டார்கள். “அட, ஒக்காருங்க மாப்ள, ஒரு வாயி சாப்புடுங்க” என்று நாலு தடவை சொல்லாமல் யாரும் விடவும் மாட்டார்கள். கல்யாணமான புதிதில் இந்தக் கூத்தை நானும் ஆடியிருக்கிறேன். என் மனைவி ஸ்டெல்லா அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள்.

அந்தக் கார் மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது.  

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், கல்யாணமாகி ஒரு வருடம் முடிந்த சமயம். கொல்கத்தா கிளப்பில் என்னைப் பல வருட ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம், ஸ்டெல்லா கூடத்தில் உட்கார்ந்து என் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீயும் வர்றியா?” என்றேன்.

“அய்ய, வேணாங்க. நான் எதுக்கு அங்க? நீங்க போயிட்டு வாங்க” என்றாள். தலை நிமிரவில்லை.

“சரி” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். புது ஊரில் வீடு தேட வேண்டாம், பாஷை தெரியாதவளைத் தனியே விட்டுவிட்டு ஆட்டத்துக்குப் போக வேண்டாம். அவள் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டையும் பரணிலிருந்து இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, காற்றாடத் திறந்து வைத்திருந்தாள். நான் என்ன கேட்டேன் தெரியுமா? “ரெண்டு எதுக்கு? எனக்கு ஒண்ணு போதுமே” என்று கேட்டேன். அவள் இரண்டாவது பெட்டியை மூடி, ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் வைத்துவிட்டு இறங்கினாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டவன் நான்தான். பாவி, பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு கொல்கத்தா, கோவா, முழங்கால் போனதும் பயிற்சியாளர் படிப்பு, ஷில்லாங்கில் உதவியாளர் வேலை, இப்போது திம்பு. வருடத்துக்கு ஒன்றரை மாதம் விருத்தாசலம். அவள் ஆசிரியர் பயிற்சி முடித்து, நல்லூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, தினம் பஸ்ஸில் போய் வருகிறாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் அவள் ஒருத்தியேதான் பதில் சொல்லியிருக்கிறாள். நான் எங்கேயோ ஒரு மைதானத்தில், எதிராளி தப்பு செய்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கின்லேயின் அலுவலகத்துக்கே போனேன். பட்டை கட்டியிருந்தவரிடம் முதலிலேயே பேசிவிட்டேன். ‘கின்லேயிடம் நீங்கள் திரும்பக் கேட்பீர்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்’ என்று சொல்லி, அவரே கழற்றிக் கொடுத்தார். கின்லே வாயைப் பொத்திக்கொண்டு வேண்டாம் என்றார். திரும்பக் கேட்டேன். வேண்டாம் என்றார், ஆனால் கண் சிரித்தது. மூன்றாம் தடவை இரண்டு கையாலும் பட்டையை நீட்டியபோது, அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இவ்வளவு சுலபமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மேனேஜர் அழக் கூடாதென்று டாய்லெட் எங்கே என்று கேட்டு நகர்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. கின்லே கேப்டனாக ஆடப்போகும் முதல் ஆட்டம் பிற்பகலில். ஸ்டெல்லா சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பாள் என்று பார்த்துப் போன் செய்தேன்.

“ஸ்டெல்லா, நீ இங்க வந்துடு.”

“எங்க?”

“திம்புக்கு. என்கூட இரு.”

 “அய்ய, வேணாங்க. ஸ்கூலு இருக்குது. இப்பப் போயி என்ன?” என்றாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே ‘அய்ய, வேணாங்க’. ஆனால் குரல் அது இல்லை.

“அந்த ரெண்டாவது பெட்டி இருக்குதா?” என்று கேட்டேன்.

 லைன் அறுந்துவிட்டதோ என்று பயந்து, அலோ அலோ என்றேன்.

“இருக்குது. உங்க பழைய ஷூவு, கப்பு, மெடலு எல்லாம் அதுலதான் போட்டு வெச்சிருக்குது.”

“அதெல்லாம் எடுத்து வெளிய போடு. உன் துணிய வை.”

“பன்னெண்டு வருஷம் கழிச்சு உங்களுக்குப் பெட்டி ஞாபகம் வருதுங்களா?” கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். “அப்ப இன்னொரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி கேட்டிருந்தீங்கன்னா, செருப்பு கூட மாட்டாம வந்திருப்பேன். இப்ப என்னைய நம்பி நாப்பது புள்ளைங்க இருக்குதுங்க. வேணாங்க. சோறு வடிக்கணும், வெச்சிடறேன்.”

எதிராளியின் கால் எந்தப் பக்கம் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன் நான். இந்த ‘வேணாங்க’ எந்த வேணாம் என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்பதற்காகச் சொன்னதா, நிஜமாகவே முடிந்துபோனதா? கேட்டுவிடலாம் என்று மூச்சை இழுத்தபோது அவளே பேசினாள்.

“உங்க ஊர்ல இன்னிக்கி மழையின்னு போனுல காட்டுது. கொட எடுத்துட்டுப் போங்க.”

வைத்துவிட்டாள்.

உங்க ஊரு. விருத்தாசலத்தைத்தான் இங்கே எல்லோரும் என்னிடம் உங்கள் ஊர் என்கிறார்கள். அங்கே என் வீட்டில், என் மனைவி, திம்புவை உங்க ஊரு என்கிறாள். அதோடு, இந்த ஊரின் வானத்தை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

மைதானத்துக்குப் போனபோது பளிச்சென்று வெயில். கோட்டுக்கு வெளியே என் கட்டத்துக்குள் குடையோடு போய் நின்றேன். தோர்ஜி என்னையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “மழையா? யார் சொன்னது?” என்றார்.

“வூட்ல சொன்னாங்க” என்றேன், தமிழிலேயே. அவருக்குப் புரியவில்லை. கின்லே கையில் பட்டையோடு பின்வரிசையில் போய் நின்றார். விசில் ஒலித்தது. மூன்றாம் தடவை கேட்பதற்கு இன்னும் எத்தனை நாள் ஆகுமோ, எனக்கே தெரியவில்லை. அந்த வெயிலில் நான் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.