கீரையே எலைச்சோறு

எனக்குச் சங்கீதம் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பிடித்துவைத்து ராகம் தாளம் என்று கேட்க வேண்டாம். ஆனால் இருபத்துமூன்று பேரை ஒரே இடத்தில் நிறுத்தி ஒரே பாட்டைப் பாட வைக்க எனக்குத் தெரியும். அது வேறு வித்தை. அதில் என்னை மிஞ்ச இலுப்பூர் வட்டாரத்தில் ஆள் கிடையாது என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. இலுப்பூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மாதா கோவிலை ஒட்டியிருந்த பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். கோவிலில் பழைய மிதி ஆர்மோனியம் ஒன்று இருந்தது. அதை வாசித்துக்கொண்டிருந்த உபதேசியார் வேறு ஊருக்குப் போனதும், பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார். "நீ போர்டிங்ல படிச்சப்ப வாசிச்சிருக்கேன்னு சொன்னியே, இனிமே நீயே பாத்துக்க" என்றார். போர்டிங்கில் நான் வாசித்ததெல்லாம் நாலே நாலு பாட்டு. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெருமை யாரை விட்டது?

நல்ல குரல் உள்ளவர்களாகப் பொறுக்கி எடுக்கச் சொன்னார் சாமியார். நான் பொறுக்கவில்லை. அரிசியா என்ன, கல் பொறுக்க? சனிக்கிழமை சாயங்காலம் கோவிலுக்கு யார் வந்தாலும் பாடலாம் என்று சொல்லிவிட்டேன். வந்தார்கள் பாருங்கள்! ஒரு காது சுத்தமாகக் கேட்காத தச்சர் வந்தார். இளைப்பு நோய்க்காரப் பெரியவர் ஒருவர் வந்தார். ஒரு வரி பாடினால் இரண்டு வரி ஓய்வெடுப்பார். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்திக்கு உண்மையிலேயே குரல் இருந்தது, ஆனால் வெட்கம் அதைத் தொண்டையை விட்டு வெளியே விடாது. பக்கத்துத் தெருவில் மாரியம்மனைக் கும்பிடுகிற பெண்கள் இரண்டு பேர், "நாங்களும் பாடலாங்களா டீச்சர்? சாமியாரு கோச்சுக்க மாட்டாருல்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் யாரையும் எழுப்பி அனுப்பவில்லை.

கடைசியாக வந்தவர் கீரைக்கார அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். காலையில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, "கீரேய்! அரைக்கீரே, சிறுகீரேய்!" என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அதே குரலில்தான் பாட்டும் பாடுவார். ஆர்மோனியம் ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். வழியில் இருவரும் சந்தித்துக்கொண்டால் அது மாதா செய்த அற்புதம்தான்.

அவர் சும்மா பொழுதுபோக்குக்கு வரவில்லை. அவருக்கு ஒரு மகள். நாலு வயது முடிந்தும் பிள்ளை வாய் பேசவில்லை. திருச்சி வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று, "எம் மக வாய் தெறந்து பேசட்டும் தாயே, திருநாப் பூசை ஒண்ணு விடாம நானும் வாய் தெறந்து பாடுறேன்" என்று நேர்ந்துகொண்டார். இரண்டு மாதத்தில் பிள்ளை பேசிவிட்டது. முதல் வார்த்தை ‘சனியனே’. கீரைக் கட்டில் வாய் வைத்த ஆட்டைப் பார்த்துச் சொன்னதாம். அக்கா அதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் நேர்ச்சையைப் பற்றிப் பேசும்போது சிரிக்க மாட்டார். நேர்ந்ததில் தவறினால் கொடுத்ததை மாதா திருப்பி எடுத்துக்கொள்வாள் என்று நெஞ்சார நம்பினார்.

அப்போதெல்லாம் பாட்டுப் பூசை லத்தீனில்தான். எனக்கே லத்தீன் அரைகுறை. வார்த்தையைக் கரும்பலகையில் தமிழ் எழுத்தில் எழுதி, நான் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்ல, அப்படித்தான் பாடம். பூசையின் தொடக்கத்தில் ‘கீரியே எலேய்சோன்’ என்று பாட வேண்டும். கீரைக்கார அக்கா காதில் அது எப்படி விழுந்ததோ, அடித்தொண்டையிலிருந்து, "கீரையே எலைச்சோறு" என்று எடுத்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் கோபம் வந்தது.

"அக்கா, கீரையும் இல்ல சோறும் இல்ல. கீ...ரி...யே."

"அதத்தானே டீச்சர் சொல்றேன். கீ...ரை...யே."

ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். அவர் திருந்தவில்லை. அதைவிடக் கொடுமை, மற்ற இருபத்திரண்டு பேரும் ஒவ்வொருவராக எலைச்சோற்றுக்கு மாறிவிட்டார்கள். சொன்னதைத் தலைகீழாகப் படிக்கிற கூட்டம் என்று எல்லோரையும் சேர்த்துத் திட்டினேன். இருபத்திரண்டு பேர் ஏன் ஒரே ஆளைப் போலத் தப்பாகப் பாடுகிறார்கள் என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்மோனியம் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. அதை நகர்த்தினால் கால் கழன்றுவிடும். அதனால் நான் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் வாசிப்பேன். கை இரண்டும் கட்டையில், கால் இரண்டும் மிதியில். பாட்டு தொடங்க வேண்டிய இடத்தில் தலையைப் பலமாக ஒரு ஆட்டு ஆட்டுவேன். என் கொண்டை ஆடியதும் எல்லோரும் டக்கென்று ஒன்றாகத் தொடங்குவார்கள். நடத்துகிறவர் என்றால் கையை ஆட்டித்தான் நடத்த வேண்டுமா, நான் கொண்டையாலேயே நடத்துகிறேன் என்று ஆவூரிலிருந்து வந்த டீச்சர் ஒருத்தியிடம் பீற்றிக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

இப்படி இரண்டு வருடம் போனது. அந்த வருடத் திருநாளுக்கு மேற்றிராணியார், அதாவது பிஷப், வரப்போகிறார் என்று செய்தி வந்தது. கோவிலுக்கு வெள்ளை அடித்தார்கள், தேருக்குப் புதுக் கயிறு வாங்கினார்கள். திருநாளுக்கு முதல் நாள் சாயங்காலம் நாங்கள் கடைசியாக ஒரு தடவை பாடிப் பார்த்தோம். சாமியார் உள்ளே பூசை உடுப்புகளை எடுத்து வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பாடி முடித்து எல்லோரும் வெளியே போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"இம்புட்டுப் பேரு வேண்டாம். நல்லாப் பாடுற எட்டுப் பேரு போதும். மத்தவுங்க சனத்தோட சனமா நிக்கட்டும்."

"சாமி, எல்லாரும் ரெண்டு வருசமா வாராங்க. ஒருத்தரையும் விட மாட்டேன். எட்டுப் பேருதான் வேணும்னா வேற ஆளப் பாருங்க."

சாமியாரிடம் அப்படிப் பேசுகிறவர்கள் ஊரில் யாரும் இல்லை. கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். "சரி, எல்லாரும் நிக்கட்டும். ஆனா அந்தக் கீரைக்கார அம்மா சத்தம் மட்டும் கேக்கக் கூடாது. அது போடுற போடுல மேற்றிராணியாரு தொப்பி கீழ விழுந்துரும்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சரியென்றேன். இருபத்திரண்டு பேரைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரே குஷி. சாமியாருக்கு மட்டுமில்லை, எனக்கும் மேற்றிராணியார் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்க ஆசை இருந்தது. அதை மறைப்பானேன்?

நேரே கீரைக்கார அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து மறுநாளைக்குக் கீரை கட்டிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அக்கா, நாளைக்கு நீங்க வாயை மட்டும் அசைங்க. சத்தம் வேண்டாம்."

கட்டிக்கொண்டிருந்த நார் அப்படியே நின்றது. "நேந்திருக்கேனே டீச்சர்."

"என்னன்னு நேந்தீங்க? வாய் தெறந்து பாடுறேன்னுதானே? வாயத் தெறங்க. நல்லாப் பெருசாவே தெறங்க. பாட்டு மனசுக்குள்ள ஓடட்டும். மாதாவுக்கு மனசு கேக்காதா?"

"அதெல்லாம் கேக்கும். ஆனா எம் மக சத்தத்துக்கு எஞ் சத்தம்னுல்ல பேச்சு."

"ஒரே ஒரு நாளுதான் அக்கா. நீங்க பாடினா மத்த எல்லாரையும் வெளிய நிக்கச் சொல்லிருவாரு சாமியாரு."

அவர் மகளைப் பார்த்தார். அது கோழிக்குஞ்சுகளிடம் ஓயாமல் ஏதோ பேசிக்கொண்டிருந்தது. "நீங்க படிச்சவுங்க. ஒண்ணும் வராதுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"வராது" என்றேன், மாதா என் காதில் வந்து சொல்லிவிட்டுப் போன மாதிரி. அவர் நேர்ந்துகொண்ட ‘வாய் தெறந்து’ என்ற வார்த்தையை, சட்டத்தை வளைத்துப் பேசுகிற வக்கீல் மாதிரி வளைத்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

மறுநாள் கோவில் நிரம்பி வழிந்தது. மேற்றிராணியார் பீடத்துக்கு வந்தார். நான் முன்வாசிப்பை வாசித்து முடித்துக் கொண்டையை ஆட்டினேன்.

யாரும் பாடவில்லை.

ஆட்டியது போதவில்லையோ என்று மறுபடி முன்வாசிப்பை வாசித்து, இந்தத் தடவை கழுத்து சுளுக்குகிற மாதிரி ஆட்டினேன். கொண்டையில் இருந்த கனகாம்பரம் அவிழ்ந்து கட்டை மேல் விழுந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பீடத்திலிருந்து சாமியார் திரும்பிப் பார்த்தார். வாசிப்பை நிறுத்திவிட்டு நானும் திரும்பினேன்.

இருபத்திரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. கீரைக்கார அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நான் சொன்னபடியே வாயைப் பெரிதாகத் திறந்து வைத்திருந்தார். சத்தம் வராததால் பாட்டு இன்னும் தொடங்கவில்லை என்று எல்லோரும் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டு நின்றார்கள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடி, திறந்த வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடமாக ஒருத்தர்கூட என் கொண்டையைப் பார்த்துப் பாடியதில்லை. கீரை விற்கிறவர் கூவுவதற்கு முன் நெஞ்சு நிறைய மூச்சு இழுப்பார் அல்லவா, அதைப் பார்த்துத்தான் ஒரு காது கேட்காத தச்சர் தொடங்கினார். அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டுதான் வெட்கக்காரப் பெண் வாய் திறந்தாள். இளைப்புக்காரர் ஓய்வெடுத்து மறுபடி ஏறிக்கொண்டதும் அந்தக் குரலில்தான். அவர் எலைச்சோறு என்றதால்தான் எல்லோரும் எலைச்சோறு என்றார்கள். நான் நடத்தியதாக நினைத்த கூட்டத்தை நடத்தியது அவர்.

பூசை நேரத்தில் கோவிலுக்குள் ஒரு பொம்பளை சத்தம் போட்டுப் பேசுவது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமில்லை. நான் போட்டேன்.

"அக்கா, சத்தமாப் பாடுங்க! நான் சொன்னது தப்பு!"

அவர் சாமியாரைப் பார்க்கவில்லை, மேற்றிராணியாரைப் பார்க்கவில்லை. மூச்சை இழுத்தார். "கீரையே எலைச்சோறு" என்று கோவில் ஓடு அதிர எடுத்தார். அடுத்த நொடி இருபத்திரண்டு பேரும் கூடச் சேர்ந்தார்கள். நான் ஓடிப்போய் உட்கார்ந்து ஆர்மோனியத்தை மிதித்து அவர்களைப் பிடிக்க வேண்டியிருந்தது. அன்றைக்குப் பாடியதைப் போல அதற்கு முன்னும் பாடவில்லை, பின்னும் பாடவில்லை.

மேற்றிராணியார் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறதா என்றுதான் கேட்டார். சாமியார் என்னிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே பேசினார். தச்சரிடம், "என் கொண்டையைப் பாக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டேன். "அது எப்பவுமேதான் ஆடிக்கிட்டு இருக்கு டீச்சர், எந்த ஆட்டத்த நம்புறது?" என்றார் மனிதர்.

ஆனால் எனக்கு மறக்காதது பூசை முடிந்த கையோடு நடந்தது. கீரைக்கார அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி, மகளின் தாடையைப் பிடித்துக்கொண்டு, "பேசுடி, என்னமாச்சும் பேசு" என்று உலுக்கினார். பிள்ளை மிரண்டுபோய் முழித்தது. வாயைத் திறக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டு, என் வாழ்நாளில் அப்படி வேண்டியதில்லை, மாதாவே மாதாவே என்று வேண்டினேன். கடைசியில் அது சிணுங்கிக்கொண்டே, "பசிக்குது ஆத்தா. சோறு எப்பப் போடுவாங்க?" என்று கேட்டது. அக்கா தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். நானும் அழுதேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் சுற்றிலும் ஆள் நின்றதால் வீட்டுக்குப் போய்விட்டேன். அப்புறமும் கேட்கவில்லை.

இரண்டு மூன்று வருடத்தில் பூசை தமிழுக்கு மாறியது. ஒரு சனிக்கிழமை, ‘ஆண்டவரே, இரக்கமாயிரும்’ என்று கரும்பலகையில் எழுதி, "இது புதுசு இல்ல, நாம பாடிக்கிட்டிருந்த அதேதான், தமிழ்ல" என்றேன்.

கீரைக்கார அக்கா எழுந்து நின்றார். "அப்ப இம்புட்டு நாளும் நாம கேட்டது சோறு இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். "சோறு இல்லக்கா, இரக்கம்" என்றேன்.

"மேற்றிராணியாரு வந்த அன்னிக்கும் இதத்தான் கேட்டேனா?"

"ஆமாக்கா."

"மூணு தடவ பாடுனோம்ல?"

"மூணு தடவ."

அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "ஒண்ணு எனக்கு. ஒண்ணு எம் மகளுக்கு. மிச்சம் இருக்குற ஒண்ணு ஒங்களுக்குன்னு வச்சுக்கங்க டீச்சர்."

சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து முன்வாசிப்பை வாசித்தேன். தொடங்க வேண்டிய இடம் வந்தது. நான் தலையை ஆட்டவில்லை. பின்னால் அவர் மூச்சு இழுக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.