பேர்தின்னிப் பாறையின் கடைசித் தாள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. கணவர் தபால்காரர். வாரம் முழுக்கத் தெருத்தெருவாக நடந்த மனிதர் விடுமுறை நாளிலாவது காலை நீட்டிப் படுப்பார் என்று பார்த்தால், விடிந்ததும் ஊருக்குப் பின்னாலிருந்த பாறைக்குன்றுக்குக் கிளம்பிவிடுவார். "உங்க தம்பிக்குக் கால்ல சக்கரம் கட்டிப் பெத்திருக்காங்க அண்ணி" என்று நாத்தனாரிடம் புகார் சொல்வாள். சொல்லிக்கொண்டே தன் செருப்பையும் தேடுவாள்.

ஆடு மேய்ப்பவர், சுள்ளி பொறுக்குபவர், யார் எதிர்ப்பட்டாலும் "இந்தக் கல்லுக்கு என்ன கதை?" என்று நின்றுவிடுவார் அவர். அவளோ அந்தக் கல்லையே தாளில் எடுப்பாள். மெல்லிய தாளைப் பாறைமேல் படியவைத்து, கரித்துண்டைப் படுக்கையாகப் பிடித்துத் தேய்த்தால், மேடெல்லாம் கறுப்பாகவும் பள்ளமெல்லாம் வெள்ளையாகவும் எழும்பி வரும். இஸ்திரி பழகிய கை. ஒரு சுருக்கம் விழாது. ஓரத்தில் அவர் கதையை ஒரே வரியில் எழுதுவார். அந்தத் தாள்களைச் சேர்த்து ஒட்ட ஒட்ட, படுக்கையறைச் சுவரில் குன்று வளர்ந்தது.

"பிள்ளையில்லாத வீட்டுல மலையை வளர்க்கிறீங்களாக்கும்" என்பார் நாத்தனார்.

"இதுக்குப் பள்ளிக்கூடச் செலவு கிடையாதுக்கா" என்பார் தம்பி.

நடுவில் ஒரு தாளளவு மட்டும் வெற்றுச் சுவராக இருந்தது. அது பேர்தின்னிப் பாறைக்கு உரிய இடம். அந்தப் பாறையருகே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பார்கள். முன்னொரு காலத்தில் ஒருவன் தோழனைக் கூப்பிட்டானாம். பாறை அந்தப் பேரை விழுங்கிக்கொண்டு, அவன் குரலிலேயே திருப்பிச் சொன்னதாம். குரல் வந்த பக்கம் போன தோழன் திரும்பவில்லை. தம்பதி இருவரும் இதை நம்பவுமில்லை, மீறவுமில்லை. கதைக்குள்ளே நடக்கிறவர்கள் கதையின் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அவர் கட்சி. ஆகவே அங்கே போனால் வாயே திறக்க மாட்டார்கள். ஆளுக்கொரு கூழாங்கல். ஒருவர் தட்டினால் மற்றவர் பதிலுக்குத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

போன ஆண்டு ஒரு பிற்பகலில், கடைசித் தாளுக்கு நல்ல முகம் தேடி அவர் பாறையின் மறுபக்கம் போனார். அவள் இப்பக்கம் ஒரு சிறு கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை தட்டினாள். பதில் வந்தது. மனம் நிறைந்து மறுபடி தேய்க்க உட்கார்ந்தாள். வெயில் சாய்ந்தபின் தட்டியபோது பதிலில்லை. போய்ப் பார்த்தால், பிளவுக்குள் விழுந்து கிடந்தார். கைக்குள் கூழாங்கல் இருந்தது.

"விழுந்த வேகத்துலேயே உயிர் போயிருக்கும்மா. வலி தெரிஞ்சிருக்காது" என்றார் மருத்துவர். பதில் தட்டிய பிறகுதான் விழுந்தார், விழுந்ததும் போய்விட்டார். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஓராண்டை ஓட்டினாள்.

நகர நூலகத்தின் நுழைவுச் சுவருக்கு அந்தக் குன்றைக் கேட்டார்கள். நூலகர் வந்து பார்த்து, "நடுவுல ஓட்டையா இருக்கே, வேற ஏதாவது ஒட்டிடலாமே?" என்றார். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. தாள்களைப் பிரித்துச் சுருட்ட வந்த நாத்தனாரிடம், "ஒருநாள் போய் எடுத்துட்டு வந்துடுறேன் அண்ணி" என்றாள்.

நாத்தனார் அதுவரை அடக்கியிருந்தது வெடித்தது. "அன்னைக்குக் கல்லைத் தட்டுனதுக்குப் பதிலா ஒரு குரல் குடுத்திருக்கலாமேடி!"

"பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதே அண்ணி."

"நீ என்னைக்குடி அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே? கல்யாணமான நாள்லேர்ந்து 'ஏங்க'தானே? 'ஏங்க'ன்னா பாறை யாருன்னு விழுங்கும்?"

சொன்ன பிறகுதான் சொன்னது இன்னதென்று நாத்தனாருக்கே உறைத்தது. சிரிக்கவேண்டிய பேச்சு. இருவரும் சுருட்டிய தாள்களின் நடுவே உட்கார்ந்து அழுதார்கள்.

அடுத்த விடுமுறையில் நாத்தனாரும் கூடவே வந்தார். பிளவுக்குள் இருவரும் பக்கவாட்டில் இறங்கினார்கள். விழுந்து கிடந்தவரின் கை எட்டியிருக்கக்கூடிய இடமாகப் பார்த்து, தாளைப் படியவைத்தாள். அவர் கடைசியாகத் தொட்ட கல் சுவரில் இருக்கட்டும் என்பது அவள் ஆசை. நகம் பட்டாலே உதிரும் மென்பாறை. கரி நகர நகர, கறுப்பின் நடுவே வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. ஒன்றல்ல, இரண்டல்ல. ஒரே இடத்தில் அரிசி சிந்தியதுபோல நெருக்கமாக. ஓரத்துக்குப் போகப் போகச் சிறுத்து, மங்கி.

"என்னடி, கரி பிடிக்கலையா?"

அவள் தாளை விலக்கினாள். கூழாங்கல் குத்திய குழிகள். நாத்தனார் ஒன்றில் விரல்நுனியை வைத்துப் பார்த்துவிட்டு, சுட்டதுபோல் எடுத்துக்கொண்டார்.

அவர் உயிர் உடனே போகவில்லை. தட்டிக்கொண்டே கிடந்திருக்கிறார். அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. மற்றவை விழாததற்குக் காரணத்தை அவள் தேடவேண்டியிருக்கவில்லை. தாளில் கரி உரசும் சத்தம் இப்போதும் அவள் காதுக்குள் இருந்தது.

"வீட்டுக்குப் போயிடலாம் வாம்மா" என்றார் நாத்தனார். முதன்முறையாக அவர் குரலில் 'டி' இல்லை.

அவள் நகரவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு, பிளவின் இருட்டைப் பார்த்து, "ஏங்க" என்றாள். பிறகு, தொண்டை கிழிய, "ஏங்க!" பாறை ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை.

குன்று இன்று நூலகச் சுவரில் முழுதாக இருக்கிறது. நடுத்தாளின் புள்ளிகளை மழைத்துளி என்கிறார்கள் பார்ப்பவர்கள், அவள் திருத்துவதில்லை. மற்றத் தாள்களின் ஓரத்தில் அவர் எழுத்து. இதில் மட்டும் அவளுடைய கோணல் எழுத்து:

"இங்கே வருகிறவர்கள் வாய்விட்டுக் கூப்பிடவும்."