இரண்டாவது தட்டு

பிள்ளையார்பாளையம், மாலை நாலேகால் மணி. மழைக்கு ஒதுங்கிய என்னையும் அக்காவையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்த நெசவுக்காரப் பெண் தேவகி, நாங்கள் கிளம்பும்போது தட்டோடு வருகிறார். இரண்டு வெற்றிலை, இரண்டு பாக்கு, மஞ்சள், குங்குமம், மடித்த பட்டு ரவிக்கைத் துணி.

தட்டைக் கண்டதும் அக்கா வாசலுக்கு நகர்ந்து செருப்பைத் தேடுகிறாள். அத்தான் இறந்த இந்த ஆறு வருடமாக எந்த வீட்டிலும் இப்படித்தான்.

"அக்கா ஏன் வெளிய பூட்டாங்க?"

"அத்தான் இல்லைங்க. அதான்," என்கிறேன் மெதுவாக.

"அதுக்கு? ரெண்டு பேரு வந்தீங்க. ஒருத்தர வெறுங்கையோட அனுப்புனா என் வூட்டுக்கு இன்னா மரியாதமா?"

அதே போல இன்னொரு தட்டு வருகிறது. குங்குமமும் இருக்கிறது. துணி மட்டும் அரக்கு நிறம்.

"நானே நெய்ஞ்சதுக்கா. வேணாம் வேணாம்னு சொல்லிக்கினு நின்னா பஸ்ஸு பூடும்."

அக்கா தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு இரு கைகளாலும் வாங்குகிறாள்.

பஸ்ஸில், துணியைப் பையில் வைக்கச் சொல்கிறேன். அவள் மடியிலேயே வைத்திருக்கிறாள். எங்கே வாங்கியது என்று பக்கத்து இருக்கை அம்மாள் கேட்கிறார்.

"வாங்கலைங்க," என்கிறாள் அக்கா, நிமிர்ந்து உட்கார்ந்து. "எனக்கு வெச்சுக் குடுத்தாங்க."