கரடிக்குத் தீன் வைக்கிறவனின் தாய்

என் மகனுக்குக் கரடிக்குத் தீன் வைக்கிற உத்தியோகம். நெடுந்தீவில் சொன்னால் சிரிப்பார்கள் என்று, "மரக் கம்பனியில வேலை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில், வெட்டி விற்பதற்கென்றே வளர்க்கிற காடு அது. குளிர்காலம் முடிந்து கரடிகள் பசியோடு எழும்பும்போது அங்கே தின்ன ஒன்றும் இருக்காதாம். பட்டையை உரித்து, உள்ளே ஊறுகிற இனிப்பைப் பல்லால் சுரண்டித் தின்னுமாம். சுற்றிவர உரிபட்ட மரம் செத்துப்போகும். அதனால் காட்டுக்குள் பீப்பாய்களில் தீன் வைத்து, பழங்கள் பழுக்கும்வரை கரடிகளின் வாயை மரத்திலிருந்து திருப்பி வைத்திருப்பதுதான் அவனுடைய வேலை. இதற்குத்தானா படிப்பித்து அனுப்பினேன் என்று ஆரம்பத்தில் எரிச்சல் பட்டிருக்கிறேன்.

நான் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் எல்லாத் தாய்மாருக்கும் பிள்ளைகளின் கடிதத்தைக் கையில் கொடுத்தவள். என் பிள்ளை கடிதம் எழுதுகிற காலத்தில் பிறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு, அவனுக்கு அங்கே விடிகிற நேரத்தில், போன் வரும்.

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம்."

"பிரஷர் குளிசை போட்டீங்களோ?"

"போட்டனான்."

"அங்க மழையோ?"

"இல்லை."

அவ்வளவுதான். எனக்கும் கேட்க ஒன்றும் வராது. கரடி சுகமா என்றா கேட்பது? போனை வைத்த பிறகும் கதிரையை விட்டு எழும்பமாட்டேன். தனியாக இருக்கிறீரே, பயமில்லையா என்று யாராவது கேட்டால் ஏசிவிடுவேன். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தேன். அதை மறைத்து என்ன வரப்போகிறது?

தகப்பனின் செத்தவீட்டுக்கு வந்து ஒரு மாதம் நின்றபோது, வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த காணியில் அவன் பூவரசு நட்டான். கயிறு பிடித்து, வரிசை வரிசையாக நட்டான். "வளர்ந்தாத் தறிச்சு விக்கலாம் அம்மா. வள்ளத்துக்கும் எடுப்பினம், கதவுக்கும் எடுப்பினம்," என்றான். அவன் போனபிறகு தண்ணீர் ஊற்றியது நான். ஐந்தாம் வருஷம் மரங்கள் வீட்டு ஓட்டுக்கு மேலே நின்றன.

போன வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வைகாசியில் ஒரு காலை போய்ப் பார்த்தால் கல்வேலி ஒரு இடத்தில் சரிந்து கிடக்கிறது. மூன்று மரங்களில் பட்டை நார் நாராகத் தொங்குகிறது. நாலாவது மரத்தில் வாய் வைத்தபடி ஒரு கிழட்டுக் குதிரை. தீவில் உடையவன் இல்லாமல் திரிகிற மட்டக் குதிரைகளில் ஒன்று, கூட்டம் துரத்திவிட்டது போலும், விலா எலும்பை எண்ணலாம். முற்றம் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு அடி தள்ளி நின்று என்னைப் பார்த்தது.

"உன்னை ஆர் இஞ்ச கூப்பிட்டது?" என்றேன். திரும்பவும் மரத்துக்கே வந்தது.

பக்கத்துக் காணியில் மாடு வளர்க்கிற அண்ணை வந்து வேலியை அடுக்கித் தந்தார். "குதிரையில கை வைக்க ஏலாது தங்கச்சி, அரசாங்கம் வழக்குப் போடும். மரத்துக்கு முள்ளைக் கட்டும்," என்றார். கட்டினேன். குதிரை முள்ளுக்கு மேலே உரித்தது.

அந்த ஞாயிறு மகன் "அங்க மழையோ?" என்று கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மழையுமில்லை மண்ணாங்கட்டியுமில்லை. உன்ர பூவரசைக் குதிரை உரிக்குது," என்றேன்.

அவன் குரலே மாறிவிட்டது. "கிட்ட நிண்டு படம் எடுத்து அனுப்புங்கோ அம்மா."

அனுப்பினேன். அடுத்த நாளும் போன் எடுத்தான், ஞாயிறு இல்லாத நாளில். "கரடி எண்டா மேல இருந்து கீழ நேராப் பல்லுக் கோடு இருக்கும். இது கடிச்சு இழுத்திருக்கு, பாருங்கோ, ஓரத்தில பல்லுப் பதிஞ்சு கிடக்கு," என்று விளங்கப்படுத்தினான். "பசிச்சதுதான் உரிக்கும். அதோட கோவிச்சு வேலையில்லை. தீன் வையுங்கோ. ஆனா மரத்துக்குக் கிட்ட வேண்டாம், காணியின்ர மற்ற மூலையில வையுங்கோ."

தவிடும் கழுநீரும் இலைகுழையும் வைத்தேன், குதிரை மரத்தை விட்டு அங்கே வந்தது. தினமும் பின்னேரம் ஆறரைக்கு நான் குதிரையின் கதை சொல்ல, அவன் கரடியின் கதை சொன்னான். அரைமணி, முக்கால்மணி. மூன்று குட்டியோடு வருகிற ஒரு தாய்க் கரடிக்கு அவனுடைய வாகனத்தின் சத்தம் தெரியுமாம். "சில கிழமை முழுக்கக் கரடியைத் தவிர வேற சீவனைக் காணமாட்டன் அம்மா," என்று ஒருநாள் சொன்னான். இத்தனை வருஷமும் குளிசையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவன்.

அங்கே பழம் பழுத்துக் கரடி வேலை முடிந்தது. இனி எடுக்கமாட்டான் என்று பயந்தேன். குதிரைக்காக எடுத்தான்.

ஐப்பசியில் மழை கொட்டியது. தீவு முழுக்கப் புல். குதிரை வரவில்லை. மூன்று நாள் தவிடு ஊறிப் புளித்தது.

"வரேல்லையோ? நல்லது. அப்ப தீனை நிப்பாட்டுங்கோ. மரம் தப்பிட்டுது அம்மா," என்று சந்தோஷப்பட்டான். வென்ற மாதிரிச் சிரித்தான்.

அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தான். பிறகு ஞாயிறு மட்டும். சாப்பிட்டீங்களோ, குளிசை போட்டீங்களோ, மழையோ. இரண்டு ஞாயிறு பொறுத்தேன்.

ஒரு புதன்கிழமை பின்னேரம் குசினிக் கத்தியை எடுத்துக்கொண்டு காணிக்குப் போனேன். காயமே படாத மரமாகப் பார்த்தேன். பூவரசம் பட்டை லேசாகத்தான் வந்தது, சாறு கையெல்லாம் ஒட்டியது. படம் எடுத்து, "குதிரை திரும்ப வந்திட்டுது," என்று எழுதி அனுப்பினேன். அறுபத்தைந்து வயதில் செய்கிற வேலையா? செய்தேன்.

கை கழுவமுன் போன் அடித்தது.

"அம்மா, படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தனான்."

"ஓம்."

"பல்லு ஒண்டும் படேல்லையே."

ஒட்டிய சாற்றைச் சேலையில் துடைத்தேன். காது சுட்டது. போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"நாளைக்கும் எடுக்கிறன் அம்மா," என்றான். "மரத்தை விடுங்கோ."