உள்ளபடி பிளம்பர்

வாசலில் நின்று, தோள்பையிலிருந்து நாலாய் மடித்த பழைய துண்டை எடுத்துத் தரையில் விரித்து, முதலில் வலது காலையும் பிறகு இடது காலையும் விரலிடுக்கு உட்படத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்திலேயே நம் வீட்டு மிதியடி கிடக்கிறது. அதைத் தொட மாட்டார். "உங்க மிதியடியை நான் அழுக்காக்கினா நீங்கதானேக்கா துவைக்கணும்?" என்பார். தன்னைப் போலப் பிறனையும் நேசிக்கச் சொன்ன கட்டளை அவர் கணக்கில் பாதத்திலிருந்து ஆரம்பிக்கிறது. முப்பது வருஷமாகக் குழாய் வேலை பார்க்கிற மனிதர், பிறத்தியார் வீட்டுத் தரையில் ஈரக் காலோடு ஓர் அடி வைத்ததாகச் சொல்ல ஒரு சாட்சி கிடையாது.

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் 'உள்ளபடி'. எதையும் "உள்ளபடி சொல்றேன்" என்றுதான் தொடங்குவார். பொதுவாக பிளம்பர்களைப் பற்றி உங்களுக்கே தெரியும். காலையில் போன் செய்தால், "தெருமுனையில திரும்பிட்டேன்" என்பார்கள். இருட்டும் வரை அந்தத் தெருமுனை திரும்பி முடியாது. இவரிடம் முதன்முதலில் நான் போனில் கேட்டபோது, "உள்ளபடி சொல்றேன்க்கா, இன்னும் பல்லே விளக்கல. நடுவுல ரெண்டு வீடு இருக்கு. மூணு மணி ஆகும்" என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் சரியாக மூன்று மணிக்கு வாசலில் துண்டு விரிந்தது. அதுவரை நான் நிம்மதியாகக் குளித்து, சமைத்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றினால் நன்றாக இருக்கும். "கடைசிப் பாராவுல இருக்கேன்" என்று நான் பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லும்போதெல்லாம், உண்மையில் பேனாவைத் தேடிக்கொண்டிருப்பேன்.

கழற்றிய பழைய குழாய், தேய்ந்த வாஷர், ஒடிந்த திருகு எதையும் எடுத்துப்போக மாட்டார். பையில் போட்டு முடிச்சிட்டு நம் கையில் கொடுப்பார். "களவு செய்யாதேன்னா, குப்பையும் சேர்த்துத்தான். உங்க குப்பை உங்களுது" என்பார். தண்ணீர் பீய்ச்சி முகத்தில் அடித்தால் எல்லோரும் "கடவுளே!" என்று கத்துவோம். இவர் "வாஷரே!" என்று கத்துவார். தப்பு வாஷர் மேல் இருக்க ஆண்டவர் பெயரை எதற்கு வீணாக இழுப்பது என்பது அவர் நியாயம். கொலை செய்யாதே என்பது கரப்பான் பூச்சிக்கும் பொருந்துமா என்று ஒருமுறை சீண்டினேன். "அது மனுஷனுக்குச் சொன்னதுக்கா" என்றபடியே செருப்பை எடுத்து அடித்தார்.

பெரிய வீடுகளுக்கு வேலைக்குப் போனால் குளியலறையில் தலையை நிமிர்த்தவே மாட்டாராம். குழாயை மட்டும் பார்த்து, பாட்டை மட்டும் பாடிக்கொண்டு, முடித்துவிட்டு வருவார். "அந்தத் தொட்டியை ஒரு தடவை ஆசையா பார்த்துட்டேன்னு வைங்க, வீட்டுக்குப் போனதும் எங்க வாளி மேல கோவம் வரும். பாவம், அது என்ன பண்ணும்?"

ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. சனி இரவே போன் செருப்பு அலமாரிக்குள் போய்விடும். தேடி வருகிறவர்களை வாசலிலேயே அவர் மனைவி மறித்து, "மாடு விழுந்துச்சா, சும்மா கத்துதா?" என்று கேட்பார். ஓய்வுநாளில்கூட கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிவிடலாம் என்று வேதத்தில் ஒரு சலுகை உண்டல்லவா? உடைந்து கொட்டும் குழாய் விழுந்த மாடு, உடனே போவார். சொட்டுகிற குழாய் கத்துகிற மாடு. திங்கட்கிழமை வரை கத்தட்டும். இது தெரியாமல் புதிதாகக் குடிவந்த ஒருவர், "எங்க வீட்ல மாடே இல்லீங்களே" என்று விழித்துக்கொண்டு நின்றார்.

அவரிடம் ஒரே ஒரு கர்வம் உண்டு. ரசமட்டம், அதுதான் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும் மட்டப் பலகை, பையின் அடியில் கிடக்கும், எடுக்க மாட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "அலமாரி அரை விரல் இறங்கியிருக்கு" என்பார். அளந்தால் அரை விரல்தான் இருக்கும். "என் கண்ணே ரசமட்டம்க்கா."

அந்தக் கண்தான் அவரைக் குப்புறத் தள்ளியது.

தொழில் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அண்ணன். இருபத்தைந்து வருஷம் இருவரும் ஜோடியாக வேலை பார்த்தார்கள். தம்பி கீழே குழாயில், அண்ணன் மாடியில் தொட்டியருகே. கத்திப் பேசுவதெல்லாம் கிடையாது. இரும்புக் குழாயில் ரிஞ்சால், அதுதான் குழாய் திருகும் முறுக்கியால், தட்டினால் மேலே கேட்கும். இரண்டு தட்டு என்றால் திறந்துவிடு, ஒரு தட்டு என்றால் மூடு. மூன்று தட்டு மேலேயிருந்துதான் வரும். போதும், டீ குடிக்க வா என்று அர்த்தம்.

அண்ணன் தன் கையாலேயே குழாய் போட்டு ஒரு வீடு கட்டினார். புது வீட்டு ஜெபம் முடிந்து, இருபது பேர் கேக்கும் கையுமாக நிற்கும்போது, பெருமையாக முற்றத்தைக் காட்டி, "எப்படிடா நம்ம வேலை?" என்றார். "பிரமாதம்ணே" என்று சொல்லிவிட்டுக் கேக்கை விழுங்கியிருக்கலாம். இவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவரோரமாக ஓடும் கழிவுக் குழாயைப் பார்த்தார். "உள்ளபடி சொல்றேண்ணே, வாட்டம் பத்தாது. ஒரு நாள் அடைச்சுக்கும்." வாட்டம் என்றால் தண்ணீர் தானாக ஓடுவதற்குக் கொடுக்கும் சரிவு. அது தெரியாதவன் பிளம்பரே இல்லை. இருபது பேர் முன்னால், தொழில் சொல்லிக்கொடுத்தவரைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டார். "எனக்கே வாட்டம் சொல்லித் தர வந்துட்டியா?" என்றார் அண்ணன். அவ்வளவுதான். மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை.

தனியாளாகி, வால்வைத் திறக்க ஒரு தரம், மூட ஒரு தரம் என்று மாடிப்படியில் இவரே ஏறி இறங்குவதைப் பார்க்கும்போது எனக்குப் பாவமாக இருக்கும். "சமாதானமா போயிடலாமே" என்றால், "பொய் சொல்லச் சொல்றீங்களாக்கா?" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

போன மாதம் ஒரு ஞாயிறு, கோவிலில் ஆராதனை. எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் அவரும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய பிரசங்கம்: காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு சமாதானமாகு. போதகர் உருக்கமாகச் சொன்னார். நாங்களும் உருக்கமாகக் கேட்டோம். அதை அன்றைக்கே ஒருவர் செய்துவிடுவார் என்று போதகர்கூட எதிர்பார்த்திருக்க மாட்டார்.

காணிக்கைக்கு வரிசையாக முன்னே போனோம். பெட்டியருகே போன உள்ளபடி, உறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு அதைப் பெட்டிக்குப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பியின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி விறுவிறுவென்று நடந்தார். பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். பாடகர் குழு ஒரு வரியைத் தவறவிட்டது. கோவில் பணியாளர் உறையை எடுக்கக் கை நீட்டியபோது, "அங்கயே இருக்கட்டும். வந்து குடுப்பார்" என்றார் போதகர்.

அவர் மனைவி போகிற போக்கில் என் கையைப் பிடித்து இழுத்தார். "அக்கா, நீங்களும் வாங்க. சண்டை வந்தா விலக்கிவிட ஆள் வேணும்."

வழியில்தான் விஷயம் தெரிந்தது. அண்ணன் வீட்டில் முந்தின நாளே கழிவுக் குழாய் அடைத்துக்கொண்டு முற்றமெல்லாம் தண்ணீராம். ஓரகத்திகள் இருவரும் பேச்சை நிறுத்தியதே இல்லை என்பதால், காலையில் மனைவி வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"உள்ளபடி சொல்றேன்க்கா. கேட்டதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு" என்றார் அவர், வேகத்தைக் குறைக்காமல். "என் அண்ணன் வீட்டுல சாக்கடை நிக்குது, எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கு. கையில காணிக்கை வேற. பயந்துட்டேன்."

வழியில் தன் வீட்டுக்குள் புகுந்து பையை எடுத்தார். பழக்க தோஷத்தில் மனைவி, "மாடு விழுந்துச்சாங்க?" என்றார்.

"மாடு இல்லடி. நான்."

"சரி, அங்க போய் 'அன்னைக்கே சொன்னேன்ல'ன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க."

"அண்ணனே கேட்டா?"

"கேட்டாலும்தான்!"

"கேட்டா எப்படிடி பொய் சொல்றது?"

மனைவி என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். வாட்டம் பத்தாது என்று இன்னொரு முறை அந்த வாயிலிருந்து வந்தால், இந்த ஜென்மத்தில் அந்தக் கதவு திறக்காது. அது எங்கள் மூவருக்குமே தெரிந்திருந்தது.

அண்ணிதான் கேட்டைத் திறந்தார். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் அண்ணன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மேலே வால்வை மூடிவிட்டு அங்கேயே இருந்துவிட்டார் போல. "யாரு?" என்றார்.

"உங்க தம்பி."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "வேடிக்கை பார்க்க வந்திருப்பான். பார்த்துட்டுப் போகச் சொல்லு" என்று குரல் வந்தது.

உள்ளபடி பையை மாடிப்படியோரம் வைத்தார். வெள்ளைப் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, கணுக்கால் முங்கும் சேற்றுத் தண்ணீரில் இறங்கி, சுவரோரக் குழாயின் வாய்க்குள் ஸ்பிரிங் கம்பியை விட்டுத் திருகினார். பத்து நிமிஷத்தில் சிக்கியது வெளியே வந்தது. ஒரு சோப்பு டப்பாவின் மூடி.

"அட, இதைத் தேடாத இடமில்லையே!" என்றார் அண்ணி.

மூடி குறுக்கே நின்றால் எந்தக் குழாயும் அடைக்கும். உள்ளபடியின் நெற்றி சுருங்கியது. மூன்று வருஷத்தில் முதன்முறையாகச் சந்தேகம் வந்தவராக, பையின் அடியிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக் குழாயின் மேல் வைத்தார். குனிந்து பார்த்தார். அதன் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பார்த்தார். மட்டத்தையே முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பார்த்தார். குமிழி எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே பதிலைத்தான் சொன்னது.

"என்னங்க?" என்றார் மனைவி, பயந்துபோய்.

"வாட்டம் சரியா இருக்குடி." குழாயைத் தடவிப் பார்த்தார். "கச்சிதமா இருக்கு. மழைத் தண்ணிக்காகத் தரையை அந்தப் பக்கம் சரிச்சிருக்காரு, குழாயை இந்தப் பக்கம். என் கண்ணு தரையைப் பார்த்துட்டுக் குழாயைத் திட்டியிருக்கு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். தோற்றவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உண்மையையும் சொல்லலாம், அண்ணனையும் குளிர்விக்கலாம் என்று ஒரே நாளில் இரண்டும் கிடைத்த சந்தோஷம் அது. "அண்ணே! வாட்டம் சரிண்ணே! நான்தான் தப்பு!" என்று மேலே பார்த்துக் கத்தினார். 

"அன்னைக்கு இருபது பேர் முன்னால சொன்னேன்ல" என்று முனகிவிட்டு, இரண்டு பக்கச் சுவரையும் தட்டி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டார். நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. "உள்ளபடி சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. ஊர்ல அத்தனை பேருக்கும் பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு புத்தி சொல்லிட்டு, எங்கண்ணன் குழாய் மேல மூணு வருஷமா பொய்ச்சாட்சி சொன்னவன் நான். இந்த வேலையில ஒரு குத்தம் இல்ல." துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண், காரணமே தெரியாமல் நுரைக் கையோடு கைதட்டினார்.

மாடி அப்போதும் பேசவில்லை.

உள்ளபடி ரிஞ்சை எடுத்தார். தொட்டியிலிருந்து இறங்கும் இரும்புக் குழாயருகே போய் நின்று, ணங், ணங் என்று இரண்டு தட்டு தட்டினார். தட்டிவிட்டுக் குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அன்றைக்குக் கோவிலில் செய்ததைவிட உண்மையாக நான் அந்த முற்றத்தில் நின்று ஜெபித்தேன்.

குழாய்க்குள் காற்று இருமியது. அடுத்த நொடி, முற்றத்துக் குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி, கழிவுக் குழாயில் இறங்கி, சிட்டாய்ப் பறந்தது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளபடி ஒரு தட்டு தட்டினார். தண்ணீர் நின்றது.

அப்புறம் மேலேயிருந்து, நிதானமாக, ஒன்று, இரண்டு, மூன்று.

அண்ணி காலையில்தான் மாடிப்படியைத் துடைத்து, முதல் படியில் மிதியடி போட்டிருந்தார். அதன் பக்கத்திலேயே திறந்து கிடந்தது தோள்பை. அதற்குள், நாலாய் மடித்த துண்டு. உள்ளபடி இரண்டையும் தாண்டி, கணுக்கால் சேற்றோடு, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார்.