ஒரே ராத்திரியில் கதிர்விட்ட பார்லி

என் தாய்மாமா ஒரு பொய்யர். இத்தனை வருஷம் ஆகியும் அதை ஒத்துக்கொள்ளாதவர்.

எனக்கு அப்போது எட்டு வயசு. சிட்லபாக்கத்து வீட்டில் டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் குடிலுக்காகத் தட்டில் கேழ்வரகு விதைப்போம். பச்சையாக வளர்ந்ததும் நடுவில் மாட்டுக்கொட்டகையை வைப்போம். அந்த வருஷம் அப்பா கிட்னிக் கல் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெத்லகேமில் விளைந்தது வாற்கோதுமை, அதாவது பார்லி என்று ஞாயிறு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்குத் தண்ணீர் காய்ச்ச வாங்கிய பார்லி சமையலறையில் இருந்தது. அதை விதைத்தேன். இது முளைத்தால்தான் அப்பா வீட்டுக்கு வருவார் என்று முடிவுகட்டி, சத்தமாக ஜெபமும் செய்தேன்.

முளைக்கவில்லை. ஊறிப் புளித்து நாறியது.

"கொண்டுபோய்க் கொட்டுடி" என்றாள் அம்மா. நான் தட்டைக் கட்டிக்கொண்டு அழுதேன். சோறு இறங்கவில்லை. துணைக்கு வந்து தங்கியிருந்த மாமா எட்டிப் பார்த்தார்.

"அழாத குட்டி. நம்ம ஏரியா தண்ணிக்கு லேட்டாதான் முளைக்கும்."

மறுநாள் காலையில் தட்டு நிறையப் பயிர். கதிர்கூட விட்டிருந்தது, பூனை மீசை மாதிரி முள் முள்ளாக. இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கியதை நம்புகிறவளுக்கு இதெல்லாம் பெரிய விஷயமா? மாமாவின் ஆபீஸ் பேண்டில் முழங்கால் வரை அதே முள். உட்கார்ந்து பிடுங்கிக் கொடுத்தவளே நான்தான்.

"என்ன மாமா இது?"

"பஸ்ல ஒட்டிக்கிச்சு."

ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் சொன்னேன். அவர் மாமாவைப் பார்த்தார். "கதிரே வந்துடுச்சா?"

"ஆமா மச்சான். அமோக விளைச்சல்."

சிரித்தால் தையல் வலிக்கும் என்று அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார்.

கடைப் பார்லி தோல் சீவி, பாலிஷ் போட்டது, ஜென்மத்துக்கும் முளைக்காது. எங்கள் ஊர் ஏரிக்கரை ஒட்டுப்புல் அதற்குத் தூரத்துச் சொந்தம், கதிரைப் பார்த்தால் சின்னப் பிள்ளை ஏமாந்துவிடும். இதையெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குப் புரியாதது வேறு. நான் அழுதது பயிருக்காக இல்லை என்று வீட்டில் ஒரே ஒருவருக்குப் புரிந்திருந்தது. ஆபீஸ் விட்டு வந்த களைப்போடு அவர் மழைச் சேற்றில் இறங்கி, வேரோடு புல் பிடுங்கியிருக்கிறார்.

எப்போது கேட்டாலும் "ஆண்டவர் செயல்மா" என்கிறார். மழுப்பல். மாமா, இந்தக் கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் உட்காரவைத்துக் கேட்பேன். அந்தப் புல்லைப் பிடுங்கியது யார்? எல்லார் காதிலும் விழுகிற மாதிரிப் பதில் சொல்லுங்கள். நன்றி சொல்ல எனக்கு ஆள் வேண்டும்.